ஏ470: ஒரு நெடுஞ்சாலையின் வழியே வேல்ஸ் தேசிய அடையாளம்

வேல்ஸைப் பற்றிப் பேசும்போது நம்மில் பலர் மூன்று கூற்றுகளை ஆராயாமலே சொல்லிவிடுகிறோம். வேல்ஸ் என்பது இங்கிலாந்தின் ஒரு மாகாணம் என்பது முதலாவது. வெல்ஷ் மொழி பேசுபவரே உண்மையான வெல்ஷ்காரர் என்பது இரண்டாவது. அம்மொழியை இன்று ஆறில் ஒருவருக்குச் சற்று அதிகமானோரே பேசுவதால் வெல்ஷ் அடையாளம் மங்கி மறைந்துகொண்டிருக்கிறது என்பது மூன்றாவது. முதல் கூற்று சட்டப்படியே தவறானது. மற்ற இரண்டையும் 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே மறுக்கிறது. மூன்று வயதுக்கு மேற்பட்டோரில் 17.8 விழுக்காட்டினர் மட்டுமே வெல்ஷ் பேசுவதாகப் பதிவு செய்தனர்; ஆனால் மக்கள்தொகையில் 55 விழுக்காட்டினர் தமது தேசிய அடையாளம் "வெல்ஷ்" மட்டுமே என்று குறிப்பிட்டனர்.

மொழி பேசாதவர்களையும் வெல்ஷ் மக்களாகத் தம்மை எண்ணச் செய்வது எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு விடை காண, வேல்ஸின் வடகோடியிலிருந்து தென்கோடிவரை செல்லும் ஏ470 என்னும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வதாகக் கருதிக்கொள்வோம். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் தெளிவாகும்.

அண்டை வீட்டார் வைத்த பெயர்

ஒரு தெருவில் பல தலைமுறைகளாக ஒரு குடும்பம் வாழ்ந்துவருகிறது. பின்னால் வந்து குடியேறியவர்கள் அந்த வீட்டை "வேற்றாள் வீடு" என்று அழைக்கத் தொடங்குகிறார்கள். நாளடைவில் அஞ்சல்காரர் முதல் பதிவு அலுவலகம் வரை எல்லோரும் அதே பெயரையே எழுதுகிறார்கள். வீட்டுக்குள் இருப்பவர்களோ தங்களுக்கென்று வேறொரு பெயரை வைத்திருக்கிறார்கள்.

வேல்ஸுக்கு நேர்ந்தது இதுதான். "வேல்ஸ்" என்ற பெயர், பிரித்தானியத் தீவில் பின்னர் குடியேறிய ஆங்கிலோ-சாக்சன் மக்கள் அங்கு முன்பே வாழ்ந்தவர்களைக் குறிக்கப் பயன்படுத்திய, அயலார் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. அம்மக்கள் தம் நாட்டுக்கு வைத்துள்ள பெயர் "கம்ரி". ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள் என்ற பொருள் தரும் பழைய சொல்லின் வழிவந்தது அது. நாட்டின் பெயருக்கும் மக்களின் பெயருக்கும் எழுத்தில் ஓர் எழுத்து மட்டுமே வேறுபடுகிறது. ஒலியில் இரண்டும் ஒன்றே. மண்ணும் மக்களும் ஒரே சொல்லாக ஒலிப்பதை நான் இந்த விளக்கத்தின் திறவுகோலாகவே கருதுகிறேன்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிவது தேவை. எல்லை, படை, தூதரகம், ஐக்கிய நாடுகள் சபையில் இடம் ஆகியவற்றைக் கொண்ட ஆட்சி அமைப்பே அரசு. "நாங்கள் ஒரே மக்கள்" என்று தம்மை எண்ணிக்கொண்டு, அந்த எண்ணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிவரும் கூட்டமே தேசம். அந்த எண்ணத்துக்குப் பெயர் தேசிய அடையாளம். ஒரே பட்டாவில் பதிவான பெரிய வீட்டில் நான்கு குடும்பங்கள் தனித்தனியே உலை வைப்பதைப்போல, ஐக்கிய இராச்சியம் என்ற ஓர் அரசுக்குள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கும் இருக்கின்றன.

மாகாணம் என்ற குழப்பம் எங்கிருந்து வந்தது? 1536ஆம் ஆண்டிலும் 1543ஆம் ஆண்டிலும் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தின் சட்ட அமைப்புக்குள் முழுமையாகச் சேர்த்தன. 1746ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நாடாளுமன்றச் சட்டங்களில் "இங்கிலாந்து" என்று வரும் இடங்களில் வேல்ஸும் அடங்கும் என்று கூறியது. அந்த விதி 1967ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தின் கொடியில் வேல்ஸின் சிவப்பு டிராகனுக்கு இடமில்லாமல் போனதற்கும் இந்தப் பழைய இணைப்பே காரணம். ஆகவே, நாம் தவறாகச் சொல்வது ஏறத்தாழ இருநூற்றிருபது ஆண்டுகள் சட்டப் புத்தகமே சொல்லிக்கொடுத்த தவறு.

பல சாலைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு சாலை

ஏ470 வடக்கே லாண்டிட்னோ என்னும் கடற்கரை நகரில் தொடங்கி, தெற்கே தலைநகர் கார்டிஃபின் துறைமுகப் பகுதியில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இதில் பெரும்பகுதி மலைகளுக்கிடையே வளைந்து செல்லும் இருவழிச் சாலை. கார்டிஃபை நெருங்கும்போதுதான் அகலமான நெடுஞ்சாலையாகிறது.

இந்தச் சாலையை ஒரே சமயத்தில் யாரும் போடவில்லை. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காகப் போடப்பட்டு, வெவ்வேறு எண்களைத் தாங்கியிருந்த பல சாலைகளுக்கு 1970களில் ஒரே எண்ணைக் கொடுத்தார்கள். அதற்குமுன் வடக்கிலிருந்து தெற்கே செல்பவர் பல சாலை எண்களை மாற்றி மாற்றிப் பின்பற்ற வேண்டியிருந்தது. தென்னைநார்க் கயிற்றில் எந்த ஒரு நாரும் முனையிலிருந்து முனைவரை ஓடுவதில்லை. ஆனாலும் கயிறு பாரத்தை இழுக்கிறது. ஏ470 அத்தகைய கயிறு.

வடக்கையும் தெற்கையும் இணைக்க இப்படியொரு முயற்சி தேவைப்பட்டதற்குக் காரணம், வேல்ஸின் பெரிய போக்குவரத்து வழிகள் கிழக்கு மேற்காகவோ துறைமுகத்தை நோக்கியோ அமைந்ததுதான். லண்டனிலிருந்து டப்ளினுக்குச் செல்பவர்களுக்காக வடக்கே ஒரு பாதை. இங்கிலாந்தோடு தென்பகுதியின் தொழில் நகரங்களை இணைக்கத் தெற்கே ஒரு பாதை. நிலக்கரி துறைமுகத்துக்கு இறங்கப் பள்ளத்தாக்குகள் தோறும் இருப்புப்பாதை. இன்றும் வடவேல்ஸிலிருந்து கார்டிஃபுக்கு ரயிலில் செல்பவர் வழியில் இங்கிலாந்துக்குள் நுழைந்து, ஷ்ரூஸ்பரி நகரைக் கடந்துதான் மீண்டும் வேல்ஸுக்குள் வருகிறார். ஏ470இல் லாண்டிட்னோவிலிருந்து சிறிது தொலைவு தெற்கே வந்தால், பெட்டூஸ்-அ-கோய்ட் என்னும் ஊரருகே, பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு கட்டிய வாட்டர்லூ இரும்புப் பாலத்தின் பக்கத்தில், லண்டன் சாலை குறுக்கே செல்வதைக் காணலாம். அந்தச் சாலையைப் போட்டவர்களுக்கு வேல்ஸ் கடந்துபோக வேண்டிய இடமாக இருந்தது.

இதுவரை கண்டவை இவை: வேல்ஸ் தனி அரசாக இல்லாத ஒரு தேசம்; அதன் பகுதிகள் ஒன்றோடொன்று எளிதாகத் தொடர்புகொள்ளும் வசதி வரலாற்றில் அமையவில்லை. எனவே அடையாளமும் பகுதிக்குப் பகுதி வேறு வடிவம் எடுத்தது. 1985இல் அரசியல் அறிஞர் டெனிஸ் பால்சம் இதை "மூன்று வேல்ஸ்" என்று வகைப்படுத்தினார். வெல்ஷ் மொழி வழங்கும் வடக்கும் மேற்கும் ஒன்று. ஆங்கிலம் பேசினாலும் தம்மை உறுதியாக வெல்ஷ் என்று கருதும் தெற்குச் சுரங்கப் பள்ளத்தாக்குகள் இரண்டாவது. பிரித்தானிய உணர்வு மேலோங்கிய எல்லைப்பகுதிகளும் சில கடற்கரைப் பகுதிகளும் மூன்றாவது. ஏ470 இந்த மூன்றையும் தொட்டுச் செல்கிறது.

வடக்கு: கோட்டையும் நூலும்

லாண்டிட்னோவை விட்டுப் புறப்பட்டதும் கான்வி ஆற்றின் மறுகரையில் ஒரு பெருங்கோட்டை தெரியும். 1282இல் வேல்ஸின் இளவரசர் லவெலின் ஆப் கிரிஃபித் கொல்லப்பட்ட பிறகு, இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 1283இல் இதைக் கட்டத் தொடங்கினார். கோட்டையை ஒட்டி மதிலுடன் அமைந்த நகரில் ஆங்கிலேயர்களே குடியமர்த்தப்பட்டார்கள். சுற்றுலாப் பயணி பார்க்கும் அழகிய கோட்டை, வெல்ஷ் நினைவில் தோல்வியின் சின்னம். ஒரே கல்லுக்கு இருவேறு பொருள் இருப்பதை இந்தப் பயணம் முழுவதும் காண்போம்.

ஆற்றோடு தெற்கே சென்றால் லான்ரூஸ்ட் வரும். இங்கு வாழ்ந்த வில்லியம் சாலிஸ்பரி முதன்மையாக உழைத்ததால் 1567இல் புதிய ஏற்பாடு வெல்ஷ் மொழியில் வெளிவந்தது. இன்னும் சற்றுத் தொலைவில், சாலையிலிருந்து விலகிய ஒரு சிறிய பள்ளத்தாக்கில், முழு விவிலியத்தையும் 1588இல் வெல்ஷில் வெளியிட்ட வில்லியம் மார்கன் பிறந்த பண்ணை வீடு இருக்கிறது.

இந்த நூல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள மீண்டும் 1536ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் போக வேண்டும். நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமே என்றும், வெல்ஷ் மட்டும் அறிந்தவர் அரசுப் பதவி வகிக்க முடியாது என்றும் அச்சட்டம் விதித்தது. ஆட்சியிலிருந்து விலக்கப்பட்ட மொழி பெரும்பாலும் அடுப்படிக்கும் வயலுக்கும் உரிய பேச்சாகச் சுருங்கி, ஊருக்கு ஊர் சிதைந்து போகும். ஆனால் மக்களைப் புராட்டஸ்டண்ட் சமயத்தில் நிலைநிறுத்த விரும்பிய அதே அரசு, 1563இல் விவிலியத்தை வெல்ஷில் மொழிபெயர்க்கச் சட்டம் இயற்றியது. அதன் விளைவாக, நீதிமன்றத்தில் இடம் இழந்த மொழிக்குக் கோயிலில் இடம் கிடைத்தது. வாரந்தோறும் உயர்ந்த நடையில் ஓதப்பட்டதால் அதற்கு ஒரு பொது எழுத்துவழக்கு உண்டாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற குருவானவர் ஊர் ஊராக நடத்திய சுற்றுப் பள்ளிகள் உழவர்களுக்கு அதை வாசிக்கக் கற்றுக்கொடுத்தன. ஒரு மொழி பிழைத்திருக்க, மக்கள் அதைப் பேசுவதுடன், அதை மதிப்புக்குரிய ஒரு செயலுக்குப் பயன்படுத்தவும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சாலை மலையேறி இறங்கும் இடத்தில் பிளைனை ஃபெஸ்டினியோக் என்ற பலகைக்கல் நகரம் சாம்பல் நிறக் கற்குவியல்களுக்கு நடுவே எழுகிறது. வீட்டுக் கூரைக்குப் பயன்படும் இக்கல் இங்கிருந்து உலகெங்கும் சென்றது. 1951இல் எரரி (ஆங்கிலத்தில் ஸ்னோடோனியா) மலைப்பகுதியைத் தேசியப் பூங்காவாக்கியபோது இந்நகரைச் சுற்றி எல்லைக் கோடு வரைந்து, பூங்காவுக்குள் ஓர் ஓட்டையைப்போல வெளியே விட்டுவிட்டார்கள். 2021இல் யுனெஸ்கோ வடமேற்கு வேல்ஸின் பலகைக்கல் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியமாக ஏற்றபோது, விலக்கப்பட்ட அதே கற்குவியல்கள் போற்றத்தக்கவை ஆயின. உணவு இடைவேளையில் தொழிலாளர்கள் கூடிய "கபான்" என்னும் சிறு கூடத்தில் அரசியல் வாதமும் பாட்டும் கவிதையும் வெல்ஷிலேயே நடந்தன. தொழில் வளர்ந்தும் மொழி தேயாமல் இருந்ததற்கு, வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அருகிலிருந்த வெல்ஷ் பேசும் ஊர்களிலிருந்தே வந்தது முதன்மைக் காரணம். தெற்கில் நிகழ்ந்தது இதற்கு மாறானது.

அடுத்து வரும் ட்ரௌஸ்வனித் கிராமத்தில் ஓர் இளைஞரின் சிலை நிற்கிறது. எல்லிஸ் எவன்ஸ் என்ற இயற்பெயரும் ஹெத் வின் என்ற புனைபெயரும் கொண்ட அவர் ஆடு மேய்த்த பண்ணையாளர், கவிஞர். 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியப் போர்முனையில் இறந்தார். சில வாரங்களில் தேசிய ஐஸ்டெத்வொட் நடந்தது. ஐஸ்டெத்வொட் என்பது கவிதையும் இசையும் போட்டியிடும் வெல்ஷ் மொழி விழா. மரபுக் கவிதையில் வெல்பவருக்குப் பரிசு ஒரு நாற்காலி. வென்றவரின் புனைபெயரைச் சொல்லி அழைத்தபோது யாரும் எழவில்லை. அவர் போரில் மடிந்த செய்தி அவையில் அறிவிக்கப்பட்டு, நாற்காலியின்மேல் கறுப்புத் துணி போர்த்தப்பட்டது. அந்த நாற்காலி இன்றும் அவருடைய பண்ணை வீட்டில் இருக்கிறது. ஓர் உழவரின் மகன் இறந்ததை ஒரு தேசம் தன் வீட்டுச் சாவாக ஏற்றது, கவிதைக்கு அங்கே அத்தகைய பொது இடம் இருந்ததால்தான்.

ட்ரௌஸ்வனித்திலிருந்து கிழக்கே பிரியும் கிளைச்சாலையில் சென்றால் ஓர் ஏரி வரும். லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் தேக்குவதற்காக கேப்பல் கெலின் என்ற வெல்ஷ் பேசும் சிற்றூர் 1965இல் நீரில் மூழ்கடிக்கப்பட்ட இடம் அது. தேவாலயம், பள்ளி, அஞ்சலகம், வீடுகள் எல்லாம் போயின. அதற்கான சட்டம் வேல்ஸ் உறுப்பினர்களின் ஆதரவு இல்லாமலேயே 1957இல் லண்டன் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. லிவர்பூல் மாநகராட்சி 2005இல் மன்னிப்புக் கோரியது. மூழ்கிய வீடுகளின் எண்ணிக்கை சிறியது. தம் பிரதிநிதிகள் மறுத்தும் தம் மண்ணைப் பற்றி வேறொருவர் முடிவெடுக்க முடியும் என்பதை ஒரு தலைமுறை முழுவதும் கண்ணால் கண்டதே அந்த நிகழ்வின் கனம்.

வடபகுதியிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது: இங்கே அடையாளத்தின் முதற்கருவி மொழி. அதைக் காத்தவை வழிபாடு, வாசிப்பு, வேலையிடம், விழா ஆகிய அன்றாட நிறுவனங்கள். ஐஸ்டெத்வொட்டும் கேப்பல் கெலினும் மொழி தெரியாதவர்களுக்கும் சொந்தமான நினைவுகளாகப் பின்னர் மாறின.

நடுப்பகுதி

டோல்கெலையைக் கடந்த பிறகு சாலை நீண்ட தொலைவுக்கு ஆட்டு மேய்ச்சல் நிலங்களுக்கும் சிறு சந்தை ஊர்களுக்கும் நடுவே செல்கிறது. மக்கள் குறைவு, இங்கிலாந்து எல்லை அருகில். ரேயடர் ஊருக்குப் பக்கத்தில், பர்மிங்காம் நகருக்குத் தண்ணீர் கொண்டுசெல்ல 1893க்கும் 1904க்கும் இடையே கட்டப்பட்ட ஈலன் பள்ளத்தாக்கு அணைகள் இருக்கின்றன. பில்த் வெல்ஸுக்கு மேற்கே சில கிலோமீட்டரில் உள்ள கில்மெரியில், லவெலின் இளவரசர் விழுந்த இடத்தை ஒரு நெடுங்கல் குறிக்கிறது. இப்பகுதியில் பலருக்குப் பிரித்தானியர் என்பதும் வெல்ஷ் என்பதும் ஒருசேரப் பொருந்துகின்றன. அவர்களைக் குறைந்த வெல்ஷ்காரர்களாக நான் எண்ணவில்லை.

தெற்கு: மொழி போனது, உணர்வு போகவில்லை

பிரெக்கன் நகருக்குத் தெற்கே, 2023 முதல் பன்னை பிரெக்கைனியோக் என்ற வெல்ஷ் பெயரையே பூங்கா நிர்வாகம் பயன்படுத்தும் மலைத்தொடரைக் கடந்து இறங்கினால் மெர்த்தர் டிட்வில். 1801 கணக்கெடுப்பில் வேல்ஸின் மிகப்பெரிய நகரம் இதுவே; காரணம் இரும்பு உலைகள். 1804இல் ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் நீராவி இயந்திரம் இங்கிருந்துதான் தண்டவாளத்தின்மேல் இரும்பை இழுத்துச் சென்றது. பின்னர் நிலக்கரியின் காலம் வந்தது. 1913இல் தென்வேல்ஸ் சுரங்கங்கள் ஏறத்தாழ 5.7 கோடி டன் நிலக்கரியை வெட்டியெடுத்தன.

இவ்வளவு பெரிய வேலைக்கு உள்ளூர் ஆட்கள் போதவில்லை. தொடக்கத்தில் வெல்ஷ் பேசும் நாட்டுப்புறத்திலிருந்தும், பின்னர் பெருமளவில் இங்கிலாந்து, அயர்லாந்து முதலிய இடங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தெருவில் ஆங்கிலம் பொதுமொழியானது. பள்ளியும் அதே திசையில் இழுத்தது. 1847இல் வெளிவந்த அரசுக் கல்வி அறிக்கை வெல்ஷ் மொழியை முன்னேற்றத்துக்குத் தடை என்று பழித்தது. வகுப்பில் வெல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் மரத்துண்டு ஒன்றை மாட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் பல பள்ளிகளில் இருந்தது. 1901இல் மக்களில் பாதிப்பேர் பேசிய மொழி, அதன்பின் 1991 வரை ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் விகிதத்தில் பின்வாங்கியது.

ஒரு தாய் பெற்ற பிள்ளைகளில் ஒருவருக்கு அவளுடைய பேச்சு வந்துசேர்கிறது. இன்னொருவருக்கு அவளுடைய உழைப்பும் துயரமும் வந்துசேர்கின்றன. இருவரும் அவள் பிள்ளைகளே. சுரங்கப் பள்ளத்தாக்குகளுக்குக் கிடைத்தது இரண்டாவது பங்கு. தொழிற்சங்கம், தொழிலாளர்களே சந்தா கட்டி நடத்திய நூலகங்கள், தேவாலயப் பாடகர் குழு, ரக்பி மைதானம் ஆகியவை ஆங்கிலத்திலேயே ஒரு வெல்ஷ் வாழ்க்கையை உருவாக்கின.

மெர்த்தருக்குச் சற்றுத் தெற்கே, சாலையிலிருந்து பார்க்கும் தொலைவில், மலைச்சரிவில் வெண்ணிற வளைவுகளுடன் ஓர் இடுகாடு தெரியும். அது அபர்வான். 1966 அக்டோபர் 21 காலையில், நிலக்கரிச் சுரங்கக் கழிவுக் குவியல் ஒன்று மழைநீர் ஊறி மலையிலிருந்து சரிந்து பள்ளியின்மேல் விழுந்தது. 144 பேர் இறந்தனர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். விசாரணை ஆணையம் தேசிய நிலக்கரி வாரியத்தின்மேல் பொறுப்பைச் சுமத்தியது. ஆனால் மீதமிருந்த குவியல்களை அகற்ற, மக்கள் நன்கொடையாகத் திரண்ட துயர்துடைப்பு நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுக்கப்பட்டது. அத்தொகை 1997இல் வட்டியில்லாமல் திரும்பி வந்தது. 2007இல் வேல்ஸ் அரசு மேலும் 20 லட்சம் பவுண்டு அளித்தது. கேப்பல் கெலினையும் அபர்வானையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வெல்ஷ் பேசிய உழவரும் ஆங்கிலம் பேசிய சுரங்கத் தொழிலாளியும் ஒரே கேள்வியைக் கேட்டது தெரியும்: எங்கள் மண்ணுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் யார் பொறுப்பு?

இன்னும் தெற்கே பொன்டிப்ரித். 1856இல் எவன் ஜேம்ஸ் என்ற நெசவாளரும் அவர் மகன் ஜேம்ஸ் ஜேம்ஸும் இவ்வூரில் இயற்றிய பாடலே இன்று வேல்ஸின் தேசியப் பாடல். அதன் சொற்கள் முழுவதும் வெல்ஷ். ரக்பி ஆட்டத்துக்கு முன் அதைப் பாடும் பல்லாயிரவரில் பெரும்பாலோருக்கு அன்றாடப் பேச்சில் அம்மொழி இல்லை. ஆயினும் சொற்களை மனப்பாடமாகப் பாடுகிறார்கள்.

சுருக்கமாக: தெற்கில் அடையாளத்தின் கருவி பகிர்ந்த உழைப்பும் பகிர்ந்த இழப்பும். வடக்கின் மொழி, பாட்டாகவும் ஊர்ப்பெயராகவும் சாலைப் பலகையாகவும் இங்கேயும் உடனிருக்கிறது.

சாலை முடியும் இடம்

சாலைப் பலகைகளும் தாமாக வந்துவிடவில்லை. 1960களின் இறுதியிலும் 1970களிலும் வெல்ஷ் மொழிச் சங்கத்தின் இளைஞர்கள் ஆங்கிலம் மட்டும் எழுதிய பலகைகளின்மேல் மை பூசிச் சிறை சென்றார்கள். இன்று ஏ470 முழுவதும் பலகைகளில் இரு மொழிகளும் உள்ளன. வளைவுகளில் "மெதுவாக" என்று தரையிலேயே இரு மொழிகளிலும் எழுதியிருக்கிறது.

இந்தச் சிதறிய இழைகளை ஓர் ஆட்சி அமைப்பாக முறுக்கிய நிகழ்வு அதிகாரப் பகிர்வு. மைய நாடாளுமன்றம் தன் அதிகாரங்களில் சிலவற்றை ஒரு பகுதியின் மன்றத்துக்குச் சட்டப்படி ஒப்படைப்பதே அதன் பொருள். 1979இல் இதற்கான பொதுவாக்கெடுப்பு நடந்தபோது வேல்ஸ் மக்கள் நான்குக்கு ஒன்று என்ற அளவில் மறுத்தார்கள். வடக்கத்தியர் கார்டிஃபின் ஆதிக்கத்துக்கும், தெற்கத்தியர் வெல்ஷ் பேசுவோரின் ஆதிக்கத்துக்கும் அஞ்சினர். அதன்பின் 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றது, சுரங்கங்கள் மூடப்பட்டன, வேல்ஸில் பெரும்பான்மை பெறாத கட்சி லண்டனிலிருந்து தொடர்ந்து ஆண்டது. 1997இல் மீண்டும் கேட்டபோது 50.3 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். வேறுபாடு 6,721 வாக்குகள்.

அந்த முடிவை ஏ470 வழியாகவே வாசிக்கலாம். சாலை தொடங்கும் கான்வி மாவட்டம் வேண்டாம் என்றது. ட்ரௌஸ்வனித் அடங்கிய குவினெத் வேண்டும் என்றது. நடுவிலுள்ள பொவிஸ் மறுத்தது. மெர்த்தரும், பொன்டிப்ரித் அடங்கிய ரோந்தா கேனன் டாஃபும் ஆதரித்தன. சாலை முடியும் கார்டிஃப் மறுத்தது. மூன்று வேல்ஸ் வகைப்பாட்டில் முதலிரண்டும், அதாவது பலகைக்கல்லின் வேல்ஸும் நிலக்கரியின் வேல்ஸும், கைகோத்தபோதுதான் அந்த மெல்லிய பெரும்பான்மை கிடைத்தது. 2011இல், முழுச் சட்டமியற்றும் அதிகாரம் வேண்டுமா என்று கேட்டபோது 63.5 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். மறுத்த கார்டிஃபும் இம்முறை ஆதரித்தது. அதே நகரில் வெல்ஷ் பேசுவோரின் விகிதம் 2011க்கும் 2021க்கும் இடையே உயர்ந்தது. நாடு முழுவதற்குமான விகிதம் குறைந்த அதே பத்தாண்டில்.

ஏ470 முடியும் துறைமுக முனையில், நிலக்கரிக் கப்பல்கள் புறப்பட்ட நீரின் கரையில், வேல்ஸின் நாடாளுமன்றமான செனெத் நிற்கிறது. அதன் கூரைக்கடியில் மரத்தாலான பெரிய கவிகை. கட்டடத்தின் உள்ளும் புறமும் வடவேல்ஸின் பலகைக்கல் பதித்திருக்கிறது. அவையில் உறுப்பினர் எம்மொழியில் பேசுவது என்பது அவர் விருப்பம். வடக்கிலிருந்து வந்த ஒருவர் வெல்ஷில் பேச எழும்போது, பள்ளத்தாக்கிலிருந்து வந்த உறுப்பினர் மேசைமேலுள்ள காதொலிக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு, உடனுக்குடன் வரும் ஆங்கில மொழிபெயர்ப்பில் அவர் சொல்வதைக் கேட்கிறார்.